அரை மணித்தியாலம் பிந்தி வந்த தோணிகள்

கணினியிடம் மணி கேட்பது லேசான காரியம் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "மூலையில மணிக்கூடு காட்டுதுதானே. அதைப் பாத்து எழுதினாச் சரி. இதுக்கென்னத்துக்குச் சம்பளம்?" என்று என் அண்ணன் ஒரு நாள் கேட்டான். அன்றைக்கு அவனுக்கு நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கவில்லை.

வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு சி மொழியில் நிரல் எழுதுவது என் வேலை. அளவு எடுக்கும் சின்னச் சின்னக் கருவிகளுக்கான நிரல். எழுதுவது ஒன்றுதான், ஆனால் அது விண்டோஸிலும் ஓட வேண்டும், லினக்ஸிலும் ஓட வேண்டும். நேரம் என்று வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகள். லினக்ஸைக் கேட்டால் ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபதாம் ஆண்டு பிறந்ததில் இருந்து இத்தனை செக்கன் என்று சொல்லும். விண்டோஸ் ஆயிரத்து அறுநூற்றோராம் ஆண்டில் இருந்து தொடங்கும், அதுவும் ஒரு செக்கனைக் கோடித் துண்டாக வெட்டி எண்ணும். ஒல்லாந்தனின் கப்பல் எங்கள் கரைக்கு வந்து சேருவதற்கு முந்திய வருடம் அது. இரண்டுக்கும் நடுவில் நின்று, 'விண்டோஸ் என்றால் இந்த வழி, இல்லாவிட்டால் அந்த வழி' என்று நிரலுக்குள் ஒரு பிரிவு வைத்து, கடைசியில் இரண்டையும் ஒரே பதில் சொல்ல வைக்க வேண்டும். சொன்னால் சிரிப்பார்கள், எனக்கு அந்த வேலை நல்ல விருப்பம்.

நான் இருப்பது எழுவான்கரையில். வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும்பும் பக்கம். மேற்கே, அது படும் பக்கம் படுவான்கரை. நடுவில் கிடக்கும் வாவியை எங்கள் ஆட்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். அப்படி ஆற்றைக் கடந்து போனவன் என் அண்ணன். என்னைவிட இரண்டு வயது மூப்பு, மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன், வாய் கொஞ்சம் நீளம்.

அவனுடைய பெண்சாதி, என் மச்சாள், ஆற்றில் மீன் பிடிக்கிறவள். எனக்கு அவள் மச்சாள், அவளுக்கு நான் மச்சாள், இரண்டு பேருக்கும் ஒரே வயது. தகப்பனோடு தோணியில் ஏறிப் பழகி, தகப்பனுக்கு முடியாமல் போன பிறகு தோணியைத் தானே எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளையாகப் போன புதிதில் அண்ணனுக்குத் தோணியில் நேரே நிற்கக்கூடத் தெரியாது. இரண்டு தரம் கரையோரத்துக் கண்ணாப் பற்றைக்குள் கொண்டுபோய்ச் செருகினான். துடுப்புப் பிடிக்கப் பழக்கினவள் மச்சாள்தான். ஆனால் பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

சித்திரை வருசப் பிறப்பு விளையாட்டுகளில் எங்களுக்குப் பெரியது தோணியோட்டம். படுவான்கரைத் துறையில் இருந்து எழுவான்கரைத் துறைக்கு. தோணிக்கு ஒரு ஆள், ஒரு துடுப்பு. வெல்கிறவரின் பெயரை எங்கள் துறையில் இருக்கும் பாதைக் கொட்டிலின் சுவரில் நீலப் பெயின்ரால் எழுதுவார்கள். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போய்வரும் மிதவையை. போன வருடம் அந்தச் சுவரில் அண்ணனின் பெயர் ஏறியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. சோற்றைப் போட்டால் தோணிக் கதை, குழம்பை ஊற்றினால் துடுப்புக் கதை. பழக்கிவிட்டவள் பக்கத்தில் இருந்து மீன் முள்ளு எடுத்துக்கொண்டிருப்பாள்.

இந்த வருடம் கூட்டம் போட்டபோது மச்சாளும் இன்னும் இரண்டு பெண்களும் போய், தாங்களும் ஓடப் போவதாகப் பெயர் கொடுத்தார்கள். விளையாட்டுக் கழகத் தலைவர் குடையை ஊன்றிக்கொண்டு எழும்பினார். வெயிலோ மழையோ அந்தக் குடை இல்லாமல் அவரை நான் கண்டதில்லை.

"பெண்டுகள் ஓடுறதுக்கு நான் தடையில்ல. ஆனா ஆம்பிளயளோட ஒண்டா விட ஏலா. தோணிக்குத் தோணி முட்டும், பிறகு ஏச்சுப் பேச்சு வரும். நீங்க தனியா ஓடுங்க. ஒரு பரிசும் தருவம்."

"சுவரில பேர் எழுதுவீங்களா?" என்று மச்சாள் கேட்டாள்.

"அது முதலாவதா வாற ஆளுக்கு."

"அப்ப ஒண்டா விட வேணாம் ஐயா. எல்லாரையும் ஒவ்வொருத்தரா விடுங்க. ஆர் எவ்வளவு நேரத்தில கடக்கிற எண்டு பாப்பம். குறைஞ்ச நேரம் ஆருக்கோ, அவங்கட பேரை எழுதுங்க."

கூட்டம் கொஞ்ச நேரம் முணுமுணுத்தது. ஒரு கரையில் புறப்படுகிற நேரத்தையும் மற்றக் கரையில் வந்து சேருகிற நேரத்தையும் யார் பிடிப்பது என்று தலைவர் கேட்டார். மச்சாள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மச்சாள், உங்கட கம்பியூட்டருக்கு நேரம் பிடிக்கத் தெரியும்தானே?"

இவ்வளவு காலத்தில் என் வேலையைப் பற்றி ஒரு மனிதர் உருப்படியாகக் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு உச்சி குளிர்ந்து போனது. தெரியும் என்றேன். தலைவர் ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். நேரக் கணக்கில் ஏதும் பிசகு வந்தால் பெண்களின் நேரத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், ஆண்களுக்குள் முந்தினவருக்கே சுவர். கணக்குச் சரியாக வந்தால் அடுத்த வருடத்தில் இருந்து எல்லாரையும் ஒன்றாகவே விடுவார்கள். பின்வரிசை வாங்கில் குந்தியிருந்த அண்ணன் கையைத் தட்டினான். "நல்லா நேரம் பிடிங்க, சுவரில திரும்பவும் என்ர பேர்தான்" என்றான்.

எங்கள் கரைக்கு உள்ளங்கை அளவான என்னுடைய லினக்ஸ் பலகைக் கணினியை எடுத்துக்கொண்டேன். அக்கரைக்கு அண்ணனின் பழைய விண்டோஸ் லப்டொப். இரண்டிலும் ஒரே நிரல். தோணி புறப்படும்போது அங்கே ஒரு விசை, முனை வந்து முட்டும்போது இங்கே ஒரு விசை. அமர்த்தும் ஒவ்வொரு தரமும் நிரல் இரண்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளும். ஒன்று எல்லாருக்கும் தெரிந்த மணிக்கூட்டு நேரம். அதை யாரும் முன்னே பின்னே திருப்பலாம். மற்றது கணினி விழித்த நேரத்தில் இருந்து உள்ளுக்குள் சும்மா எண்ணிக்கொண்டே போகும் ஒரு எண்ணி. மணி என்ன என்று அதற்குத் தெரியாது. ஆனால் யார் வந்து எதைத் திருப்பினாலும் அது பின்னே போகாது, குதிக்காது. போட்டிக்கு மணிக்கூட்டு நேரமே போதும்தான். கைப்பழக்கத்தில் இரண்டையும் எழுதி வைத்தேன்.

அன்று காலையில் இரண்டு கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மணியைக் காட்டின. லப்டொப்பை வாத்தியாரிடம் கொடுத்து அக்கரைக்கு அனுப்பினேன். கழகச் செயலாளரை நாங்கள் எல்லாரும் வாத்தியார் என்போம், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். புறப்படும் பக்கத்துக்கு அவர்தான் பொறுப்பு.

ஆண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அண்ணன் வந்த வரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கரை கிட்டியதும் துடுப்பை மேலே தூக்கி, நின்றிருந்த சனத்துக்குக் கை காட்டி, மறுபடி இரண்டு தரம் வலித்து, மறுபடி கை காட்டி வந்து முட்டினான். அதற்குப் பிறகு, பெண்சாதியை வழியனுப்ப வேண்டுமாம் என்று, தன் தோணியை ஒரு இயந்திரப் படகின் பின்னால் கட்டிக்கொண்டு, நடுவில் ராசா மாதிரி இருந்து அக்கரைக்குத் திரும்பிப் போனான்.

ஆண்களின் புறப்பட்ட நேரங்களை அனுப்புவதற்காக வாத்தியார் தன் போனில் இருந்து லப்டொப்புக்கு இணையம் கொடுத்தார். கோப்பு எனக்கு வந்தது. கழித்துத் திரையில் போட்டேன். பத்து நிமிடம் சொச்சத்தில் எங்கள் கண்ணுக்கு முன்னால் கடந்து வந்தவர்கள் எல்லாரும் நாற்பது நிமிடத்துக்கு மேல் எடுத்ததாகத் திரை சொன்னது.

"என்ன பிள்ள, நடு ஆத்தில தேத்தண்ணிக் கடையும் போட்டிருக்கா?" என்று தலைவர் கேட்டார். கொட்டிலில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. பிழை சரியாக அரை மணித்தியாலம். அரை மணித்தியாலம் என்றதும் எனக்குப் பொறி தட்டியது.

நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் நாட்டின் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலமாக இருந்த எங்கள் நேரம் ஆறாகிவிட்டது. அக்கரை அப்போது இயக்கத்தின் கையில் இருந்தது, அங்கே அதை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தார்கள். பாதையில் ஏறி ஆற்றைக் கடந்தால் அரை மணித்தியாலம் இளமையாகிவிடுவோம். கலியாணக் காட் கொண்டுபோய்க் கொடுத்தால் "பழைய நேரமா புது நேரமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்கள் கை நீட்டுவார்கள். சில வருடம் கழித்து நேரத்தைத் திரும்பவும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டார்கள். நாடு திரும்பி வந்தது, என் அண்ணன் வரவில்லை. பரீட்சைக்குப் படித்த 'ஆறு மணித்தியாலம்' அவன் மண்டையில் அப்படியே நின்றுவிட்டது. லப்டொப் வாங்கின நாளில், எந்த நாட்டு நேரம் என்று அது கேட்டபோது, பட்டியலில் ஆறு என்று இருந்த வேறு எந்த ஊரையோ தெரிவு செய்திருக்கிறான். மணி அரை மணித்தியாலம் கூடக் காட்டியிருக்கும். அதைக் கையால் பின்னே திருப்பிச் சரிக்கட்டியிருக்கிறான். திரையில் மணி சரி. உள்ளே பொது நேரம் அரை மணித்தியாலம் பிழை. என் நிரல் கேட்டது உள்ளே இருப்பதை.

இதில் ஒரு ஆறுதல் இருந்தது. ஆண்கள் எல்லாருக்கும் ஒரே பிழை என்பதால் அவர்களுக்குள் யார் முந்தினார் என்பது மாறாது. அண்ணன்தான் முதலாவது. மச்சாளுக்கும் அதே அரை மணித்தியாலத்தைக் கழித்துவிட்டால் காரியம் முடிந்தது. லப்டொப்பின் மணியை மட்டும் யாரும் தொடக் கூடாது. அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணா, லப்டொப்ல மணியைத் தொட்டுராத."

"அதை நான் எப்பவோ சரிப்படுத்திட்டன்" என்றான் பெருமையாக. "சேர் இன்ரநெற் குடுத்ததும் அது தன்ர பாட்டில அரை மணித்தியாலம் முன்னுக்குப் பாஞ்சிட்டு. நான் என்ர கை மணிக்கூட்டைப் பாத்துப் பின்னுக்குத் திருப்பி விட்டன். நல்ல வேளை நான் நிண்டது."

இணையம் கிடைத்ததும் கணினி தன் உள் நேரத்தைத் தானே திருத்தியிருக்கிறது. அதைத்தான் இந்தப் புண்ணியவான் திரும்பவும் பிழையாக்கியிருக்கிறான். கையால் திருப்பும்போது அரை மணித்தியாலம் மட்டுமா போகும்? முன்னே பின்னே எத்தனை செக்கன் போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"மச்சாள் எங்க?" என்றேன்.

"அவ போய்ட்டா. பாதி ஆறு தாண்டியிருப்பா."

நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவன் போனைக் காதில் இருந்து தள்ளிப் பிடித்திருப்பான்.

கொட்டிலை விட்டு வெளியே வந்து பார்த்தேன். மச்சாளின் தோணி வந்துகொண்டிருந்தது. கை காட்டல் இல்லை, பக்கத்தில் பார்க்கவும் இல்லை. விடியப்புறம் வலைக்குப் போகும் அதே வலிப்பு, ஆனால் இரண்டு மடங்கு. முனை வந்து முட்டியபோது நான் விசையை அமர்த்தினேன். அவள் துடுப்பை உள்ளே போட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள்.

"எவ்வளவு மச்சாள்?"

மற்றவர்களும் வரட்டும் என்றேன். மற்ற இரண்டு பெண்களும் வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு தலைவரிடமும் மச்சாளிடமும் நடந்ததைச் சொன்னேன். தலைவர் கெட்ட மனிதர் இல்லை. குடையைச் சுருக்கிக்கொண்டு நிதானமாகத்தான் பேசினார்.

"பிள்ள, நீ பொய் செல்லமாட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனா புருசன் கை வெச்ச மணிக்கூட்டில பெண்சாதி வெண்டா எண்டு நான் எப்பிடிச் செல்லுற? நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்? பேசினது பேசினபடிதான்."

மச்சாள் கொட்டில் சுவரைப் பார்த்தாள். நீல எழுத்தில் அண்ணனின் பெயர், அதற்குக் கீழே ஒரு பெயருக்கு அளவாக இடம். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. அந்தக் கோபத்தில்தான் எனக்கு மற்ற எண்ணி ஞாபகம் வந்தது.

"ஐயா, இன்னொரு கணக்கிருக்கு" என்றேன். "அதை ஆராலும் திருப்ப ஏலா. என்ர அண்ணனாலும் ஏலா."

விளக்கினேன். லப்டொப்பின் எண்ணி வேறு நேரத்தில் தொடங்கியது, என் பலகையின் எண்ணி வேறு நேரத்தில் தொடங்கியது. ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் எண்ணுகின்றன. இரண்டையும் ஒரு தரம் பக்கத்தில் வைத்து, ஒரே கணத்தில் அது எத்தனை, இது எத்தனை என்று பார்த்துவிட்டால் போதும். காலையில் இருந்து நடந்த எல்லாப் புறப்பாட்டையும் எல்லா வரவையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவரலாம். தலைவர் யோசித்தார். போனில் ஒருவர் சொல்ல மற்றவர் அமர்த்துவதை அவர் ஏற்கவில்லை. எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை, குரல் வந்து சேருவதற்குள்ளேயே ஒரு செக்கன் போய்விடும்.

"ரெண்டும் என்ர கண்ணுக்கு முன்னால இருக்க வேணும். அப்ப நான் நம்புறன்" என்றார்.

மறுபடி போன் எடுத்தேன். இந்த முறை வாத்தியார் எடுத்தார். அவர் குரலே சரியில்லை. இணையத்தைக் கண்ட லப்டொப் தன்னைப் புதுப்பிக்கிறேன் என்று எதையெல்லாமோ இறக்கி, அவருடைய டேட்டாவை முடித்துவிட்டதாம். பற்றரியும் இறங்கி, சிவப்பு வந்துவிட்டதாம். அக்கரைத் துறையில் மின்சாரம் கிடையாது. லப்டொப் அணைந்தால் குறித்து வைத்த கோப்பு அழியாது, ஆனால் எண்ணி செத்துவிடும். மறுபடி விழிக்கும்போது அது முதலில் இருந்து எண்ணத் தொடங்கும், அதைக் கொண்டு பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பாதையோ எங்கள் கரையில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது, அண்ணனை இழுத்துப் போன படகும் அக்கரையில் இல்லை.

"அண்ணனிட்டக் குடுங்க" என்றேன்.

அண்ணன் வந்தான். நான் மறைக்கவில்லை, மறைக்கவும் தெரியாது. "நல்லாக் கேள். அந்த லப்டொப் உயிரோட இஞ்ச வந்தா மச்சாள்ட நேரம் கணக்கு. வராட்டி இல்ல. வராட்டி நீதான் முதலாவது."

அக்கரைத் துறையில் போட்டிருந்த பாட்டுப் பெட்டியின் சத்தம்தான் போனில் கேட்டது.

"மூடிக்கொண்டு வரவா, திறந்தபடியா?" என்றான்.

"மூடாத. மூடினா அந்த எண்ணி நிக்குமா ஓடுமா எண்டு ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொரு மாதிரி. உன்ர லப்டொப்பில நான் பாக்கல்ல. திறந்தபடி கொண்டு வா. தண்ணி படாமப் பார்."

"சேர், அதை இஞ்சால தாங்க" என்று அவன் சொன்னது கேட்டது. போன் அறுந்தது.

கரையில் எல்லாரும் எழும்பி நின்றோம். தூரத்தில் ஒரு தோணி தெரிந்தது. வர வரத்தான் அது அண்ணன் என்று பிடிபட்டது. ஏனென்றால் அவன் சேட்டைக் கழற்றி எதையோ மூடியிருந்தான், தலையை நிமிர்த்தவே இல்லை. காலையில் கை காட்டின இடத்துக்கு வந்தான். பழைய ஞாபகத்தில் சனம் கத்தியது. அவன் பார்க்கவில்லை. குனிந்தபடி வலித்துக்கொண்டே வந்தான். பக்கத்தில் நின்ற மச்சாள் என் தோளைப் பிடித்திருந்தாள். நகம் இறங்கியது, நானும் விலக்கவில்லை.

முனை வந்து முட்டியது. லப்டொப் கீக் கீக் என்று கத்திக்கொண்டிருந்தது. அண்ணன் அதைக் குழந்தையைத் தருவது போல இரண்டு கையாலும் தூக்கித் தந்துவிட்டு, தோணிக்குள்ளேயே மல்லாந்து படுத்துவிட்டான். நான் ஓடிப்போய் இரண்டு கணினியையும் இணைக்கும் கம்பியைச் செருகினேன். தலைவர் குடையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தார். குடை இல்லாமல் அவரை அன்றைக்குத்தான் கண்டேன். விசையை அமர்த்தினேன். இரண்டு எண்ணியும் ஒரே கணத்தில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. கோப்பையும் இழுத்துக்கொண்டேன். பெருமூச்சு விட்டது மாதிரி லப்டொப்பின் திரை இருண்டது.

கணக்கு எங்கள் பக்கத்துத் திரையில் ஏறியது. யாருக்கும் அரை மணித்தியாலம் கூடவில்லை. முதலாவது மச்சாள். நாலு செக்கன் வித்தியாசத்தில் இரண்டாவது அண்ணன்.

தலைவர் இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரம் விரலால் தொட்டு வாசித்தார். பிறகு திரும்பி, "பெயின்ரைக் கொண்டு வாங்கடா" என்றார். கொட்டில் அதிர்ந்தது. மற்ற இரண்டு பெண்களும் மச்சாளைத் தூக்கிவிட்டார்கள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று மச்சாள் பிறகு சொன்னாள்.

அண்ணன் தோணிக்குள் இருந்தபடியே தலையைத் தூக்கினான். "அப்ப நான் ரெண்டாவதா?"

"ஓம்" என்றேன்.

"நாலு செக்கனா?"

"கை காட்டாம வந்திருந்தா நீதான் முதலாவது."

அவன் மறுபடி படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தான். வயிறு குலுங்கச் சிரித்தான், தோணியும் சேர்ந்து ஆடியது.

சனம் கொஞ்சம் கலைந்த பிறகு திரையை மூடப் போனேன். அப்போதுதான், புறப்பட்ட ஒழுங்கில் இருந்த பட்டியலின் அடியில், திரைக்குக் கீழே ஒளிந்தபடி இன்னொரு வரி கிடந்ததைக் கண்டேன். போட்டியில் ஓடின ஆட்களைவிட ஒரு வரி கூட. எங்கிருந்து வந்தது என்று முதலில் விளங்கவில்லை. பிறகு பிடிபட்டது. அண்ணன் லப்டொப்போடு புறப்பட்டபோதும், காலையில் இருந்து செய்து வந்த பழக்கத்தில் வாத்தியார் விசையை அமர்த்திவிட்டுத்தான் தோணியில் ஏற்றி விட்டிருக்கிறார். இங்கே முனை வந்து முட்டியபோது என் கையும் தன்பாட்டில் அமர்த்தியிருக்கிறது. நிரலுக்கு என்ன தெரியும்? அது பாவம், இன்னொரு ஆள் ஓடி வந்ததாக நினைத்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தது.

அன்றைக்கு அந்த ஆற்றைக் கடந்த எல்லா நேரத்திலும் அதுதான் குறைந்தது. மச்சாளின் நேரத்தைவிடவும் குறைவு.

தலைவரைக் கூப்பிடவில்லை. மச்சாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இது எந்த ஆள் என்று கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"இதை அந்த ஆளுக்குச் செல்லிப் போடாதீங்க மச்சாள்" என்றாள். "பிறகு வீட்டில இருக்க ஏலா."

அவள் துறைக்கு இறங்கிப் போனாள். அண்ணன் எழும்பி, கொப்புளித்துப் போன உள்ளங்கைகளை ஆற்றுத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தான். மச்சாள் தன் தோணியை அவனுடையதற்குப் பின்னால் கயிற்றால் கட்டினாள். பிறகு அவனுடைய தோணியில் ஏறித் துடுப்பை எடுத்துக்கொண்டாள்.

"முன்னுக்குப் போய் இருங்க. நான் வலிக்கிறன்."

"ஏன், எனக்கு ஏலாதா?" என்றான் அண்ணன்.

"ஏலும் எண்டு தெரியும்" என்றாள் அவள். "இண்டைக்கு நீங்க வலிச்சது காணும்."